ஓரணாச் சிற்றுண்டி தந்த வடசென்னைக்காரர்

ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலை அறியாதவர் நம்மில் குறைவு. அந்தப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில்தான் 1920இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானமானது. கொண்டுவந்தவர் சர் பிட்டி தியாகராயர். தி.நகர் அவர் பெயரில் இருப்பதால் அந்தப் பக்கத்துக்காரர் என்று பலர் எண்ணுகிறார்கள். அவர் நம் வண்ணாரப்பேட்டைக்காரர்.

1852இல் நெசவாளர் சமூகத்தில் பிறந்து, 1876இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நெசவும் தோல் வணிகமும் செல்வம் தந்தன. 1916இல் டி.எம். நாயர், நடேச முதலியாருடன் நீதிக்கட்சியைத் தொடங்கினார். 1920 தேர்தலில் கட்சி வென்று, முதல் மந்திரி பதவி தேடி வந்தது. வேண்டாம் என்றார். அரசு அதிகாரி அல்லாத முதல் தலைவராக அவர் அமர்ந்திருந்த மாநகராட்சியே அவருக்குப் பிடித்த இடம்.

ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை, காரணம் பசி. இதை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. திட்டம் ஐந்து பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது.

அன்று வயிறு நிறைந்தால் போதும். இன்று ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம் பிள்ளைகளுக்கு வயிறு நிறைகிறது. எதனால் நிறைகிறது என்பதே கவலை. வாப்பா துறைமுகத்தில் ஷிப்டில் இருப்பார், உம்மாவும் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளை கையில் பத்து ரூபாய், சிப்ஸ் பாக்கெட், கலர் பாட்டில். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்து, முட்டை, மீன், பருப்பு, கீரை குறைந்தால் உடல் தசையை வளர்க்காமல் கொழுப்பைச் சேர்க்கிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் தொப்பை. எடை மெஷினில் நின்றால் சரியாகவே காட்டும். ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம் தெற்காசிய உடலில் கொழுப்பு அதிகம் என்பதால்தான் ஆசியப் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் உடல் பருமன் எச்சரிக்கை அளவைக் குறைத்துச் சொல்கிறது. இத்தனைக்கும் காசிமேட்டு நெத்திலி நமக்குக் கூப்பிடு தூரம்!

ஓரணாவுக்கே அன்று தட்டுப்பாடு வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிட ஆங்கிலேய அரசு மறுக்க, 1925 ஏப்ரல் 1 அன்று சிற்றுண்டி நின்றது. அதே மாதம் 28ஆம் தேதி தியாகராயர் காலமானார். சில ஆண்டுகளில் மாநகராட்சி அதை மறுபடி தொடங்கியது. அவர் பெயரிலுள்ள கல்லூரி பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலரும் அங்கே படித்திருக்கிறார்கள்.