ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (கோபால்சாமி துரைசாமி நாயுடு, மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த புத்தாக்குநரும் தொழிலதிபரும் ஆவார். தமிழகத்தில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வளர்த்த முன்னோடிகளுள் ஒருவர். தொடக்கப்பள்ளியைக் கூட முழுமையாக முடிக்காத இவர், மின்சார சவரக் கருவி, மலிவு விலை வானொலிப் பெட்டி, இருவர் அமரும் சிறிய தானுந்து எனப் பல பொருட்களை உருவாக்கினார். இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழி இவருக்கு உண்டு. கண்டுபிடிப்புகளின் எண்ணிக்கையை வைத்தே பலரும் இவரை அறிமுகப்படுத்துகின்றனர். ஆயினும் இவரது வாழ்க்கை முழுவதையும் இணைப்பது ஒரே ஒரு பழக்கமே. அது, ஓடும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டுதல்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு. இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதன்பின் வயல் வேலை செய்துகொண்டே, கிடைத்த தமிழ் நூல்களைத் தாமாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

அந்நாளில் நில அளவைப் பணிக்காக அப்பகுதிக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதைத் துரைசாமி முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். அதை எப்படியேனும் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவரை ஊரை விட்டே கிளப்பியது. கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். அங்குச் சில ஆண்டுகளில் சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டு அதே மோட்டார் சைக்கிளை அந்த அதிகாரியிடமிருந்து விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதற்கு முன்பே அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பின்னர் ஒவ்வொன்றாகப் பொருத்தி மீண்டும் ஓடச் செய்தார். கையேடோ கற்றுத்தர ஆளோ இல்லாமல் இயந்திரவியலின் முதல் பாடத்தை அவர் படித்தது இவ்வாறே. கழற்றுதல் யாருக்கும் எளிது. எந்தத் துண்டு எதனோடு எந்த நிலையில் இருந்தது என்பதை நினைவில் வைத்து மீட்பதுதான் கடினம். அதில் தேறியவர் இயந்திரம் பழுதுபார்ப்பவராகப் பெயர் பெற்றார்.

இதனையடுத்துப் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அதில் நல்ல வருவாய் கிட்டியது. ஆனால் பம்பாய்க்குச் சென்று பெரிய அளவில் செய்த பஞ்சு வணிகத்தில் ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார்.

பேருந்துத் தொழில்

கோயம்புத்தூரின் தொழில் வளர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் நாயுடுவின் திறமையை அறிந்து உதவினார். அவரது ஆதரவோடு வாங்கிய ஒரு பேருந்தை 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு ஓட்டத் தொடங்கினார். தொடக்கத்தில் ஓட்டுநரும் அவரே, பழுதுபார்ப்பவரும் அவரே. அந்த ஒரு வண்டி சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்.) என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாமைக்கு அது பெயர் பெற்றிருந்தது.

நேரம் தவறாமையைப் பட்டறைதான் தீர்மானிக்கும் என்பதை இன்றைய வாசகர் எளிதில் உணர்வதில்லை. அக்காலத்தில் வண்டிகளும் உதிரிப் பாகங்களும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தன. ஒரு பாகம் தேய்ந்துவிட்டால் அது வந்து சேரும்வரை வண்டி நிற்கும். அல்லது உள்ளூரிலேயே அதைச் செய்துகொள்ள வேண்டும். செய்துகொள்ள வேண்டுமானால் பழையதைச் சேதமின்றிக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டீயரிங் தண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1920களின் லாரி, பேருந்து ஆகியவற்றில் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து இறங்கும் தண்டின் அடிமுனையில் திருகு போன்ற பல் இருக்கும். அது ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் ஒரு பற்சக்கரத் துண்டைத் திருப்பும். அத்துண்டின் அச்சில் பொருத்திய டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசைந்து, டிராக் லிங்க் வழியாக முன்சக்கரங்களைத் திருப்பும். வண்டி பெரும்பாலும் நேராகவே செல்வதால் பல்லின் நடுப்பகுதிதான் மிகுதியாகத் தேயும். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் சற்றுத் தூரம் வெறுமனே அசையும் நிலை அதனால் உண்டாகிறது. அந்த ஆட்டத்தைப் போக்கப் பல்லை நெருக்கி வைத்தால், நடுவில் சரியாக இருக்கும். தேயாத இரு ஓரங்களிலும் இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் திரும்ப மறுத்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முழுவதையும் வெளியே எடுத்துப் பார்ப்பதே முறை.

முதலில் தண்டின் நடுவே வரும் ஹாரன் கம்பியை விடுவிக்க வேண்டும். சக்கரத்தின் மைய நட்டைக் கழற்றிய பிறகும் சக்கரம் வராது. அதைப் புல்லர் கொண்டு இழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் தண்டின் மறை கெடும். டிராப் ஆர்மை எடுப்பதற்கு முன், அது அச்சில் அமர்ந்திருந்த நிலையைப் பஞ்சால் குத்தி அடையாளம் இடுவர். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் சக்கரங்கள் ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும். கடைசியில் டேஷ்போர்டுக்குக் கீழுள்ள பிடியையும், சட்டத்தோடு ஸ்டீயரிங் பாக்ஸை இணைக்கும் போல்ட்டுகளையும் அகற்ற வேண்டும். பல பழைய வண்டிகளில் தண்டும் பாக்ஸும் ஒன்றாகவே வெளிவரும். ஃபோர்டு டி மாதிரியில் அமைப்பே வேறு. அதன் பற்சக்கரங்கள் தண்டின் மேல்முனையில், ஸ்டீயரிங் சக்கரத்துக்கு நேர் கீழே இருந்தன. எரிபொருளையும் தீப்பொறியின் நேரத்தையும் மாற்றும் இரு கைப்பிடிகளும் அதே தண்டில்தான் இருந்தன. எனவே தண்டைக் கழற்றினால் அவற்றின் இணைப்பும் விடுபடும். ஒரு நிறுவனத்தின் வண்டியில் கற்ற வரிசை மற்றொன்றுக்கு உதவாது. ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்த்தே அறிய வேண்டும்.

இத்தகைய பட்டறை அறிவிலிருந்தே நாயுடுவின் முதல் கருவிகள் பிறந்தன. இயந்திரத்தின் சுவர்களில் உள்ள விரிசலையும் பழுதையும் கண்டறிய உதவும் அதிர்வு ஆய்வுக் கருவி அவற்றுள் ஒன்று.

கண்டுபிடிப்புகள்

1930களில் நாயுடு ஐரோப்பாவுக்குப் பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் இயந்திரங்களையும் ஒளிப்படக் கருவிகளையும் வாங்கினார். 1936 ஜனவரியில் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் திரைப்படமாகப் பதிவு செய்தார். பின்னாளில் காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் முதலியோரையும் படம்பிடித்தார்.

இவருடைய பொருட்களுள் புகழ்பெற்றது ரேசண்ட் என்னும் சவரக் கருவி. உலர் மின்கலத்தில் இயங்கும் சிறிய மோட்டார் அதனுள் இருந்தது. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரோடு இக்கருவிக்குத் தொடர்பு உண்டு. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி ஆகியவையும் இவரது பட்டியலில் உள்ளன. 1937ஆம் ஆண்டில் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவின் முதல் மின் மோட்டார் வெளிவந்தது. அம்முயற்சியிலும் ஜி. டி. நாயுடுவுக்குப் பங்குண்டு. 1941ஆம் ஆண்டில் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார்.

கல்விப் பணி

1945ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று நாயுடுவின் முயற்சியால் தொடங்கப்பட்டது. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். கல்லூரியின் முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பொறியியல் கல்லூரியின் முதல்வரானது அரிய நிகழ்வு.

ஆனால் அது நீடிக்கவில்லை. நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது என்றும், அதே பாடங்களை இரண்டு ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்றும் அவர் கருதினார். அரசு இதனை ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். இயந்திரத்தைக் கையால் பிரித்துக் கற்றவருக்கு நான்கு ஆண்டுகள் நீண்டதாகத் தோன்றியிருக்கலாம். கணிதமும் பொருளியல்புகளும் பட்டறையில் மட்டும் கிட்டுவதில்லை என்ற அரசின் தரப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. அக்கல்லூரியே பின்னர் வேறு வளாகத்துக்கு மாறி அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கல்லூரி இடம்பெயர்ந்த பின்னும் பழைய இடம் ஹோப் காலேஜ் என்றே வழங்குகிறது.

சிறிய தானுந்தும் உரிமமும்

1952ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் தானுந்து ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாய். ஆனால் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசு உரிமம் வழங்கவில்லை. முயற்சி அத்துடன் நின்றது.

இதைப் புரிந்துகொள்ள அதே ஆண்டுகளில் வட சென்னையில் நடந்ததைக் காண வேண்டும். ரகுநந்தன் சரண் 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். துறைமுகத்துக்கு வடக்கே, எண்ணூரில் அதன் ஆலை அமைந்தது. இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் ஏ40 தானுந்துகள் 1949 முதல் அங்கே பூட்டப்பட்டன. பின்னர் லேலண்ட் நிறுவனத்தின் காமெட் லாரிகளும் அங்கே உருவாகின. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. இந்தியப் படைக்காக 800 புல்லட் மோட்டார் சைக்கிள்களுக்குக் கிடைத்த ஆணையே அதற்கு அடித்தளம். அங்கும் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் பொருத்தப்பட்டன. படிப்படியாகவே உள்ளூர் உற்பத்தி கூடியது.

தொழில் (வளர்ச்சி, ஒழுங்குமுறை)ச் சட்டம் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்பதை மத்திய அரசின் உரிமம் தீர்மானித்தது. நாட்டில் வாகனத் தேவை குறைவு, எனவே சில நிறுவனங்கள் மட்டுமே போதும் என்று சுங்கவரி ஆணையம் கருதியது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாமல் பாகங்களைப் பூட்டி மட்டும் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை 1950களின் நடுவில் வெளியேறின. வெளிநாட்டுக் கூட்டாளியின் வரைபடங்களோடு வந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் இடம் இருந்தது. எண்ணூரும் திருவொற்றியூரும் தொழில் நகரங்களாக வளர்ந்ததில் அதற்குப் பங்குண்டு. தாமே கழற்றிக் கற்று, தாமே வரைந்து, யாருடைய பெயரையும் கடன் வாங்காமல் வண்டி செய்த ஒருவரை எந்த வரிசையில் வைப்பது என்பது அந்த ஏற்பாட்டுக்குத் தெரியவில்லை. நாயுடுவின் வண்டி சந்தையில் நிலைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே தரப்படவில்லை என்பதுதான் இழப்பு.

உடைப்புப் போராட்டம்

உரிமக் கட்டுப்பாடுகளோடு கடுமையான வருமான வரியும் சேர்ந்து நாயுடுவைச் சினமுறச் செய்தது. ஈட்டியதில் பெரும்பகுதி வரியாகப் போகுமானால் புதிதாக எதையும் செய்வதற்குப் பொருளில்லை என்பது அவரது நிலைப்பாடு. 1950களில், தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். உடைத்த பொருட்களுள் சவரக் கருவியும் வானொலிப் பெட்டியும் இருந்தன. உழைத்துச் செய்ததை அழிப்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. அரசின் வரிக்கொள்கையும் இதனால் மாறவில்லை. இளமையில் மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு மறையையும் பாதுகாத்து வைத்தவர், மீண்டும் பூட்ட முடியாதபடி ஒன்றைப் பிரித்தது இந்த நிகழ்வில் மட்டுமே எனலாம்.

பிற்காலம்

பிற்காலத்தில் வேளாண்மையில் நாட்டம் கொண்டார். பருத்தி, பப்பாளி முதலியவற்றில் புதிய வகைகளை உருவாக்கும் சோதனைகளைச் செய்தார். தொழிற்பயிற்சி அளிப்பதையும் விடவில்லை. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் இவர் அமைத்த நிரந்தரத் தொழிற்கண்காட்சியில் இவர் சேகரித்த இயந்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன.

ஜனவரி 4, 1974 அன்று தமது 80ஆம் வயதில் காலமானார். இவருடைய மகன் ஜி. டி. கோபால் அறக்கட்டளைப் பணிகளைத் தொடர்ந்தார். 2015ஆம் ஆண்டில் அவிநாசி சாலையில் பழைய தானுந்துகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றை இக்குடும்பத்தினர் திறந்தனர். அதே சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டு அக்டோபர் 2025இல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்குத் தமிழக அரசு ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது. ஹோப் காலேஜ் பகுதியும் அப்பாலத்தின் வழியில்தான் உள்ளது.