பதவி தராத ஊர், பெயர் தந்த கணக்கு

தம்பி தங்கைகளே, கணக்குன்னாலே ஓடுறவங்களுக்கும் நான் சொல்ல விரும்பும் ஒரு வாழ்க்கை எடுவர்ட் ஹெல்லியுடையது. 1884-இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஒரு தாளில் வட்டம், முக்கோணம் என்று பள்ளம் விழாத வடிவங்களாகச் சிலவற்றை வரையுங்கள். உள்ளே எந்த இரண்டு புள்ளிகளைச் சேர்த்தாலும் கோடு வெளியே போகக்கூடாது. அதுதான் குவிவு வடிவம். அவற்றில் எந்த மூன்றை எடுத்தாலும் ஒரு பொதுப்புள்ளி இருந்தால், அத்தனைக்கும் சேர்த்தே ஒரு பொதுப்புள்ளி உண்டு! ஹெல்லி இதை 1913-இல் கண்டுபிடித்தார்.

அடுத்த ஆண்டே உலகப்போர். 1915-இல் நுரையீரலில் குண்டு பாய்ந்து, ரஷ்யர்களிடம் கைதியாகி, சைபீரிய முகாமில் கிடந்தார். 1920-இல்தான் ஊர் திரும்பினார். பல்கலைக்கழகத்தில் சம்பள வேலை கிடைக்கல. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 1923-இல் தம் தேற்றத்தை வெளியிட்டார். 1938-இல் நாஜிகள் வந்ததும் அமெரிக்காவுக்குத் தப்பினார். 1943-இல் சிகாகோவில் காலமானார்.

வியன்னா அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. ஆனா, உலகம் முழுக்க மாணவர்கள் இன்றைக்கும் அதை ஹெல்லி தேற்றம் என்றே படிக்கிறார்கள். கேட்ட இடம் கிடைக்கலைன்னு சோர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: இடம் கிடைக்கும்வரை வேலையை நிறுத்தி வைக்காதீங்க.