பசியில் மாண்ட விதை அறிஞர்

கதிரின் நிறத்தையும் நீளத்தையும் முடிவு செய்வது விதைக்குள் இருக்கும் மரபா, நாம் வளர்க்கும் முறையா? ஆய்வுக்கூடத்தில் தீர வேண்டிய இந்தக் கேள்வி, சோவியத் நாட்டில் நிகலாய் வவிலோவின் உயிரைப் பறித்தது.

1887-இல் மாஸ்கோவில் வணிகர் குடும்பத்தில் பிறந்த அவர், மரபியல் துறைக்குப் பெயரிட்ட பேட்சனிடம் இங்கிலாந்தில் பயின்றார். 1920-இல் சராத்தோவ் நகரில் கூடிய அறிஞர்கள் முன் தம் விதியொன்றை வெளியிட்டார். கோதுமையில் மீசையுள்ள கதிரும் மீசையற்ற கதிரும் உண்டு. தானியத்தில் வெள்ளையும் சிவப்பும் உண்டு. நெருங்கிய உறவுடைய பயிர்களிலும் இதே மாறுபாடுகள் வரிசையாக அமையும் என்றார் அவர். ஒரு பயிரில் கண்ட பண்பை அதன் உறவுப் பயிரில் தேடலாம் என்பதே இதன் பயன். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, தென் அமெரிக்கா என அவர் அலைந்து தேடினார். லெனின்கிராட் நிறுவனத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

குளிரூட்டிய கோதுமை விதை விரைவில் கதிர்விடும் என்று காட்டிய லைசென்கோவைத் தொடக்கத்தில் ஊக்குவித்தவர்களுள் வவிலோவும் ஒருவர். இதை மறைப்பது நேர்மையாகாது. விதையைக் குளிரூட்டுவதால் பயன் உண்டு. ஆனால், அந்த மாற்றம் வழிவழியாகத் தொடரும் என்று லைசென்கோ வாதிட்டதுதான் பிழை. வவிலோவின் வழியில் புதிய இரகத்துக்குப் பத்தாண்டுகள் ஆகும். லைசென்கோ இரண்டு மூன்று ஆண்டுகள் போதும் என்றார். பஞ்சத்தில் தவித்த நாட்டின் ஆட்சியாளர்களுக்கு எந்தச் சொல் இனித்திருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம். லைசென்கோவின் பிடிவாதத்தைவிட, விளைச்சலுக்கு நாள் குறித்த அதிகாரத்தின் அவசரமே பெருங்கேடு விளைவித்தது என்பேன்.

1940 ஆகஸ்டில், மேற்கு உக்ரைனில் பயிர்மாதிரிகள் சேகரித்துக்கொண்டிருந்த வவிலோவ் கைதானார். 1941-இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை, பின்னர் 20 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. 1943 ஜனவரி 26 அன்று சராத்தோவ் சிறையில் பசியால் நலிந்து இறந்தார். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் தம் விதியை அறிவித்த அதே ஊர் அது.

முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் அவருடைய சக ஊழியர்கள் விதைச் சேமிப்பைக் காத்து நின்றனர். நெல் இரகங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த த்மித்ரி இவானோவ், மூட்டைகளில் இருந்த அரிசியைத் தொடாமலே பட்டினியால் மாண்டார். நெல்லை உண்டு வாழும் நமக்கு இந்த மரணம் இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

வவிலோவ் மீதான தீர்ப்பு 1955-இல் ரத்தானது. அவரிடமிருந்து பறிக்கப்பட்ட மரபியல் நிறுவன இயக்குநர் நாற்காலியிலோ, லைசென்கோ 1965 வரை அமர்ந்திருந்தார்.