பேக்கப் இருந்தும் ஏன் சிக்னல் போகுது? கணக்கு போட்டுப் பார்த்த ஜான் வான் நியூமன் யார்?

கொல்லிமலை செம்மேட்டில் பலத்த மழை. மரம் விழுந்து மின்கம்பி அறுந்துடுச்சுனு வைத்துக்கொள்வோம். செல்போன் டவர்ல பேட்டரி இருக்கு, அது தீர்ந்தா ஜெனரேட்டரும் இருக்கு. ஆனாலும் சில நேரம் சிக்னல் சுத்தமா போயிடும். மலையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து 108-க்கு போன் போகலைன்னா, அந்த அரை மணி நேரம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாற்று ஏற்பாடு இருந்தும் ஏன் இப்படி? பழுதாகக்கூடிய பாகங்களை வைத்தே நம்பகமான ஓர் இயந்திரத்தை உருவாக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு கணக்கு வழியில் பதில் தேடியவர் ஜான் வான் நியூமன். யார் இவர்? விரிவாகப் பார்க்கலாம்.

வங்கியாளர் வீட்டுப் பிள்ளை

1903 டிசம்பர் 28-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், ஒரு யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தார். 1926-ல் புடாபெஸ்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் வேதிப் பொறியியல் பட்டமும் வாங்கினார். அப்போது வயது 22 தான்.

1930-ல் அமெரிக்கா போனார். 1933-ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தின் முதல் பேராசிரியர்களில் ஒருவரானார். ஐன்ஸ்டீனும் அங்கேதான் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் அணுகுண்டு திட்டத்தில் வேலை செய்தார். நாகசாகியில் வீசப்பட்ட குண்டின் வடிவமைப்பில் இவருடைய கணக்குகளுக்குப் பங்கு உண்டு. இவர் வாழ்க்கையில் மறைக்க முடியாத பக்கம் இது.

18,000 வால்வு... ஒன்று போனாலும் போச்சு!

1944-ல் ஒரு ரயில் நிலையத்தில் தற்செயலாக ராணுவக் கணிதவியலாளர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார். எனியாக் என்ற மின்னணுக் கம்ப்யூட்டர் தயாராகி வரும் தகவல் அவர் மூலம் தெரிந்தது. அதில் சுமார் 18,000 வால்வுகள். அந்தக் கால ரேடியோவில் இருக்குமே, அதே கண்ணாடி வால்வுதான்.

இங்கேதான் சிக்கல். ஒரு நாளில் ஒரு வால்வு பழுதாகும் வாய்ப்பு 10,000-ல் 1 மட்டுமே என்று வைப்போம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 18,000 வால்வும் ஒரு நாள் முழுக்கப் பழுதாகாமல் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 0.9999-ஐ 18,000 முறை பெருக்கினால் வருவது வெறும் 16.5%. எல்லா பாகமும் வேலை செய்தாத்தான் மொத்தமும் ஓடும் என்றால், பாகம் கூடக்கூட நம்பகம் குறையும்.

ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் இயந்திரம்

1952 ஜனவரியில் கலிபோர்னியாவில் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இது பற்றி தொடர் உரை நிகழ்த்தினார். 1956-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. யோசனை எளிமையானது. ஒரே வேலையை 3 பாகங்களிடம் கொடு. எந்த விடைக்கு 2 ஓட்டு விழுதோ, அதை எடுத்துக்கொள்.

ஒவ்வொரு பாகமும் 90% சரியாக இருந்தால், ஓட்டு முறையில் அது 97.2% ஆகிறது. ஆனா ஒவ்வொன்றும் 40% தான் சரி என்றால்? விடை 35.2%. அதாவது தனியாக விட்டதைவிட மோசம்! மட்டமான பாகங்களை எத்தனை அடுக்கினாலும் பலன் இல்லை. ஓட்டு எண்ணும் பாகமே தப்பு பண்ணலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தார். அது 6-ல் 1 முறைக்கு மேல் தவறினால் இந்த முறையே பலிக்காது.

1960-களில் மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கம்ப்யூட்டரில் இதே மூன்று ஓட்டு முறைதான் இருந்தது.

செம்மேட்டுக்கு இந்தக் கணக்கு எப்படி?

ஒரு உதாரணம். ஈபி கரண்ட் 95% நேரம் இருக்கு. அதாவது ஆண்டுக்கு 438 மணி நேரம் இல்லை. கரண்ட் போகும்போது ஜெனரேட்டர் 10-ல் 9 முறை ஓடும் என்றால், இரண்டும் இல்லாத நேரம் 5%-ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.5%. ஆண்டுக்கு சுமார் 44 மணி நேரம். பெரிய லாபம்தான்.

ஆனா இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கு. ஒன்று பழுதாவதற்கும் இன்னொன்று பழுதாவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மின் ஊழியரும் வரணும், டீசலும் வரணும் என்றால், ஒரே மண்சரிவு இரண்டையும் தடுத்துடும். அப்போ 44 மணி நேரம் என்பது காகிதத்தில் மட்டும்தான். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை இருப்பது இதனால்தான் முக்கியம். ஆனா ஒரே மழை இரண்டு பாதையையும் அடைத்தால், அதுவும் கைகொடுக்காது.

இன்னொன்று, பழுது பார்க்கும் வேகம். சராசரியாக 100 மணி நேரம் ஓடி, 10 மணி நேரம் நிற்கும் கருவி 91% நேரம் கிடைக்கும். அதையே 1 மணி நேரத்தில் சரி செய்தால் 99%. புது மெஷின் வாங்காமலே இந்த முன்னேற்றம்!

கடைசி நாட்கள்

சில செல்கள் செத்தாலும் மூளை எப்படி தொடர்ந்து வேலை செய்கிறது என்ற கேள்வி கடைசி வரை அவரை விடவில்லை. 1955-ல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கம்ப்யூட்டரையும் மூளையையும் ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழக உரைக்காக எழுதத் தொடங்கியதை அவரால் முடிக்க முடியவில்லை. 1957 பிப்ரவரி 8-ல், 53 வயதில், வாஷிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அரைகுறையாக நின்ற அந்த உரை 1958-ல் அப்படியே புத்தகமாக வந்தது.

உங்க ஊர் ஆஸ்பத்திரியிலோ டவரிலோ பேக்கப் இருக்கு என்று யாராவது சொன்னால், மூணு கேள்வி கேளுங்க. அது தனியா ஓடவிட்டா ஒழுங்கா ஓடுமா? மெயின் லைன் போகிற அதே காரணத்தால் அதுவும் போகுமா? கெட்டுப்போனா எத்தனை மணி நேரத்தில் சரியாகும்?