உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்): நாம் சொல்லாமல் விடும் பாதி

உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது பெரும்பாலும் அந்த விளக்குக் கதையைத்தான். அரசு வேலைக்கு பைத்துல் மால் எண்ணெயில் எரியும் விளக்கு. சொந்தப் பேச்சு வந்ததும் அதை அணைத்துவிட்டுச் சொந்த விளக்கு. நல்ல கதைதான். ஆனால் அவர் பிறவியிலேயே அப்படி இருந்தவர் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல.

அவர் உமைய்யா அரச குடும்பத்துப் பிள்ளை. தந்தை எகிப்தின் ஆளுநர். மனைவி ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். மதீனாவில் பெரிய அறிஞர்களிடம் கற்றவர்தான். ஆனாலும் விலையுயர்ந்த ஆடைக்கும் நறுமணத்துக்கும் பெயர் போனவராகவே இளமையில் இருந்தார்.

ஹிஜ்ரி 87இல் மதீனாவின் ஆளுநரானார். நல்ல நிர்வாகி என்றே மக்கள் சொன்னார்கள். அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது. கலீஃபா வலீதின் கட்டளைப்படி, அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைபுக்குச் சாட்டையடி கொடுக்கப்பட்டது. குளிர்காலத்தில் அவர் மேல் குளிர்ந்த நீரும் ஊற்றப்பட்டது. குபைப் இறந்துபோனார். கட்டளை மேலிடத்தினுடையது, நிறைவேற்றியது உமர். பிற்காலத்தில் யாராவது தம் நற்செயல்களைப் புகழ்ந்தால், குபைபுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கலங்குவாராம். நாம் சொல்லாமல் விடும் பாதி இதுதான்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) தாபிக்கில் கலீஃபா சுலைமான் மரணப் படுக்கையில் விழுந்தார். ரஜா பின் ஹைவாவின் ஆலோசனைப்படி, மூடி முத்திரையிட்ட உயிலில் உமரின் பெயரை எழுதினார். அடக்கம் முடிந்ததும் அரச வாகனங்கள் வரிசையில் வந்து நின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தம் கோவேறு கழுதையில் ஏறினார் உமர்.

களைத்துப்போய்ச் சற்று உறங்க நினைத்தார். மகன் அப்துல் மலிக் விடவில்லை. அநியாயமாகப் பறிக்கப்பட்டவை உரியவர்களிடம் போகாமல் உறக்கமா என்றார். லுஹருக்குப் பிறகு பார்க்கலாம் என்றார் தந்தை. லுஹர் வரை உயிரோடிருப்பீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார் மகன். உமர் எழுந்துவிட்டார். அந்த மகன் தந்தைக்கு முன்பே மவுத்தாகிப் போனார்.

தம் கையிலிருந்த நிலங்களிலிருந்தே தொடங்கினார். ஃபதக்கையும் விடவில்லை. பிறகுதான் உறவினர்களின் சொத்துக்களில் கை வைத்தார். தலைமுறையாக அனுபவித்ததைத் திருப்பித் தர யாருக்குத்தான் மனம் வரும்? அத்தையைத் தூது அனுப்பிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. ஹிஜ்ரி 101 ரஜபில், நாற்பது வயதை எட்டிய நிலையில், அவர் இறந்தார். சொந்தக் குடும்பத்தினரே விஷம் வைத்தார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு. ஆட்சி இரண்டரை ஆண்டுகூட முழுதாக நிறையவில்லை.

அடுத்து வந்த யஸீத், ஃபாத்திமாவின் சகோதரர். பழைய வழக்கங்கள் பல திரும்பின. ஃபாத்திமாவின் நகைகள் அப்போதும் பைத்துல் மாலில்தான் இருந்தன. தந்தை தந்த நகைகள் அவை. நகை வேண்டுமா நான் வேண்டுமா என்று உமர் கேட்டபோது கழற்றிக் கொடுத்தவை. வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் யஸீத். அவர் உயிரோடு இருந்தபோது மனமுவந்து விட்டதை அவர் போன பிறகு திரும்ப வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார் ஃபாத்திமா. யஸீத் அவற்றைத் தம் குடும்பத்தாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.