பண்டரிபுர வீதியைப் பெருக்கிய மகான்

பண்டரிபுரம் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால்தான் என்ன! இடுப்பில் கை வைத்து, செங்கல்லின் மேல் நிற்கும் அந்தப் பாண்டுரங்கனை மனக்கண்ணில் பார்க்காதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்?

ஆஷாட ஏகாதசிக்கு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் நாள் கணக்கில் நடந்தே லட்சக்கணக்கான பக்தர்கள் அங்கே வந்து சேர்வார்கள். அத்தனை பேர் கூடும் இடத்தில் எவ்வளவு குப்பை சேரும்? சந்திரபாகா நதிக்கரை எப்படி இருக்கும்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எல்லோரும் கோயிலுக்குள் போக வரிசையில் நிற்க, ஒருவர் மட்டும் கையில் துடைப்பத்துடன் நதிக்கரையிலேயே நின்றுவிடுவார். பக்தர்கள் போட்ட எச்சில் இலைகளையும் செய்த அசுத்தங்களையும் முகம் சுளிக்காமல் அகற்றுவார். பண்டரிபுரம் வரை வந்தும் அவர் சந்நிதிக்குள் போனதில்லை என்று சொல்வார்கள்.

அவர்தான் காட்கே பாபா.

ஓட்டுச் சட்டியும் துடைப்பமும்

மகாராஷ்டிர மாநிலம் அமராவதி மாவட்டத்தில் உள்ள ஷேண்ட்காவ் என்ற சிறிய கிராமத்தில், 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி பிறந்தவர். துணி வெளுக்கும் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் டேபுஜி. தந்தை குடிப்பழக்கத்தால் இளம் வயதிலேயே இறந்துபோக, தாய் சக்குபாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். அங்கே மாடு மேய்த்தும் வயலில் உழைத்தும் வளர்ந்த டேபுஜிக்குப் பள்ளிக்கூடம் போகக் கொடுத்து வைக்கவில்லை.

காலம் வந்ததும் திருமணம் நடந்தது. மனைவி குந்தாபாய். குழந்தைகளும் பிறந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் பக்கம், குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா என்றால் உறவுக்காரர்களுக்கு மதுவும் மாமிசமும் பரிமாற வேண்டும். டேபுஜியோ தன் பெண் குழந்தையின் விழாவில் இனிப்போடு சைவச் சாப்பாடு போட்டார். உறவினர்களுக்குக் கோபம். தகப்பனைக் குடிக்குப் பறிகொடுத்த பிள்ளையாயிற்றே, அவர் அசையவில்லை.

1905-ஆம் ஆண்டு அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். தாயையும் மனைவியையும் குழந்தைகளையும் விட்டுப் போனது சாதாரண விஷயமா? குடும்பத்தின் பாரம் முழுவதும் அந்தப் பெண்களின் தோளில் விழுந்தது. பாபாவின் தொண்டைப் பற்றிப் பேசும்போது, முகம் தெரியாமல் அதைத் தாங்கிய குந்தாபாயையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு அவருடைய கோலம் இதுதான்... உடம்பில் பல துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த அங்கி. தலையில் கவிழ்த்த உடைந்த மண் சட்டி. கையில் துடைப்பம். மராட்டியில் அந்த மண் சட்டிக்கு காட்கே என்று பெயர். அதனால்தான் மக்கள் அவரை காட்கே பாபா ஆக்கிவிட்டார்கள். வெயிலில் தொப்பியாக இருக்கும் அந்தச் சட்டிதான் பசி நேரத்தில் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டு!

காலையில் துடைப்பம், இரவில் கீர்த்தனம்

ஓர் ஊருக்குள் நுழைந்தால் அவர் யார் வீட்டுத் திண்ணையையும் தேடிப் போக மாட்டார். நேராகத் தெருவைப் பெருக்க ஆரம்பிப்பார். அடைத்துக்கொண்ட சாக்கடையில் கை விட்டுத் தள்ளிவிடுவார். பார்த்தவர்கள் முதலில் பைத்தியம் என்று நினைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாலு பேருக்குக் கூச்சமாக இருக்கும். ஒருவர் கூடை எடுத்து வருவார், இன்னொருவர் மண்வெட்டி எடுத்து வருவார். பொழுது சாய்வதற்குள் ஊரே பளிச்சென்று ஆகிவிடும்!

உழைக்காமல் அவர் யாரிடமும் ஒரு வேளை உணவுகூட வாங்கியதில்லை. வேலையை முடித்த பிறகுதான் சட்டியில் ரொட்டி கேட்பார்.

இரவானதும், சுத்தமான அந்த இடத்திலேயே கீர்த்தனம் நடக்கும். காலையில் நம் தெருவைக் கூட்டிய ஆளா இவர் என்று ஊர் ஜனங்கள் திகைத்துப் போவார்கள். அவருடைய கீர்த்தனத்தில் பெரிய சாஸ்திர விளக்கங்கள் இருக்காது. கிராமத்துப் பேச்சு வழக்கிலேயே எதிரே இருப்பவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்பார். கடன் வாங்கிச் சடங்கு செய்யாதீர்கள், குடிக்காதீர்கள், சாமி பெயரால் உயிர்ப்பலி கொடுக்காதீர்கள், தீண்டாமை பாராட்டாதீர்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதுதான் சாரம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? தெருவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர் முதலில் உபதேசம் செய்யவில்லை. முதலில் பெருக்கினார். பேச்சு பிறகுதான். அதனால்தான் அது மனசில் தைத்தது.

மகன் இறந்துபோன செய்தி, ஒரு கீர்த்தனத்தின் நடுவேதான் அவருக்கு வந்ததாம். துக்கத்தை உள்ளுக்குள் அடக்கிக்கொண்டு, கீர்த்தனத்தை முடித்த பிறகே எழுந்தார் என்கிறார்கள்.

யாருடைய குப்பை, யார் அள்ளுவது?

ஊர் குப்பையை யாரோ சிலர் அள்ளட்டும் என்று ஒதுக்கி, அப்படி அள்ளியவர்களையே தீண்டத்தகாதவர்கள் என்று தள்ளி வைத்த காலம் அது. பண்டரிபுரம் கோயிலின் கதவுகள் அவர்களுக்குத் திறந்ததே 1947-இல்தான். அத்தனை காலமும் அவர்கள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் அவர்களுக்குத் தங்க இடமும் கிடையாது.

பாபா அவர்களுக்காகவே அங்கே ஒரு தர்மசாலை கட்டினார். கோயிலுக்குள் விடப்படாமல் வாசலிலேயே நின்ற அடியாரான சோக்காமேளரின் பெயரை அதற்கு வைத்தார். பின்னாளில் அதை டாக்டர் அம்பேத்கரின் கல்விப் பணிக்கே கொடுத்துவிட்டார். நாசிக்கிலும் ஆளந்தியிலும் தேஹுவிலும் அவர் முயற்சியில் எழுந்த தர்மசாலைகள் ஏராளம். பள்ளிகள், கோசாலைகள், நதிக்கரைப் படித்துறைகள் என்று பட்டியல் நீளும். ஆனால், தனக்கென்று ஒரு குடிசைகூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. காலில் விழ வந்தவர்களை விடவில்லை. சீடர் என்று யாரையும் சேர்க்கவில்லை.

1956-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, அமராவதிக்குப் போகும் வழியில் அவர் உயிர் பிரிந்தது. அம்பேத்கர் மறைந்து இரண்டே வாரங்கள் ஆகியிருந்தன. அமராவதியில் பாபாவின் சமாதி இருக்கிறது. 1998-இல் அவருக்குத் தபால்தலை வெளியானது. 2000-இல் மகாராஷ்டிர அரசு, சுத்தமான கிராமங்களுக்குப் பரிசு தரும் இயக்கத்தை அவர் பெயரிலேயே தொடங்கியது. அமராவதிப் பல்கலைக்கழகமும் இன்று எழுதப் படிக்கத் தெரியாத அந்த மகானின் பெயரைத் தாங்கி நிற்கிறது!

நம் வீட்டு வாசலுக்கு அப்பால்...

நமக்கும் இது புதிய செய்தி அல்ல. திருவதிகைக் கோயிலைத் தினமும் கூட்டி மெழுகிய திலகவதியாரையும், உழவாரத்தைத் தோளில் சுமந்த அவர் தம்பி அப்பர் பெருமானையும் அறிந்தவர்கள்தானே நாம்!

பூஜை அறையில் ஒரு தூசி இருந்தால் நமக்குப் பொறுக்காது. விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவோம். ஆனால், கூட்டிய குப்பையை எங்கே தள்ளுகிறோம்? புளியோதரை சாப்பிட்ட தொன்னையைப் பிராகாரத்து மூலையில் செருகிவிட்டு வருகிறோம். கையில் மிஞ்சிய குங்குமத்தைத் தூணில் தடவுகிறோம். பழைய சாமி படத்தை அரசமரத்தடியில் சாய்த்து வைக்கிறோம். வாடிய பூவைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் விடுகிறோம். பரிகாரம் என்று கட்டிய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறோம். நம் தோஷம் போனதோ இல்லையோ, அதை எடுக்க இன்னொருத்தி குனிய வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது கைப்பையில் ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குப்பையைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். தொட்டி இல்லையென்றால் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். பக்கத்தில் கிடக்கும் இன்னொருவர் தொன்னையையும் சேர்த்து எடுத்தால் குறைந்துவிட மாட்டோம். பிராகாரம் பெருக்கும் அம்மாவிடம் நின்று ஒரு வார்த்தை அன்பாகப் பேசுங்கள்.

பிறகு, நீங்கள் சுத்தம் செய்த அந்த இடத்திலேயே உட்கார்ந்து விட்டலனை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். காட்கே பாபா ஏன் நதிக்கரையிலேயே நின்றுவிட்டார் என்பது உங்களுக்கே புரியும்.