துடிப்பினால் விண்மீனை ஆராய்ந்த எடிங்ரன்

சேர் ஆதர் எடிங்ரன் 1882ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தும், உபகாரச் சம்பளங்களின் துணையாற் கற்று, 1904இல் கேம்பிறிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். 1913இல் அங்கேயே வானியற் பேராசிரியரானார். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் ஐன்ஸ்ரைனின் கொள்கையைச் சோதித்த கதையை நம் மாணவர் அறிவர். அதனினும் நுட்பமானதெனக் கருதத்தக்க செயலொன்றுண்டு.

சுருங்குவதாலேயே விண்மீன்கள் ஒளிர்கின்றன என்பது கெல்வின் முதலியோர் துணிபு. அவ்வாறாயின் சூரியனின் வயது சில கோடி ஆண்டுகளே; பூமியின் பாறைகளோ அதனினும் பன்மடங்கு முதியன. டெல்ரா செபியை என்னும் விண்மீன் ஏறத்தாழ 5 நாள் 9 மணிக்கு ஒருமுறை விம்மித் தணிவது. அது சுருங்கினால் அடர்த்தி மிகும். அடர்த்தி மிகின் துடிப்பு விரையும். அத்துடிப்பின் காலம் ஆண்டுதோறும் 40 செக்கன் குறையவேண்டுமெனக் கணித்தார் எடிங்ரன். 1785 முதலான அவதானங்கள் காட்டிய குறைவோ செக்கனிற் பத்திலொரு பங்கே! எனவே விண்மீனின் ஆயுள் மிக நெடிது என்றும், ஐதரசன் ஈலியமாவதே அதன் ஆற்றலுக்கு ஊற்றாகலாம் என்றும் 1920இல் கார்டிவ் நகரில் உரைத்தார்.

1935இல் சந்திரசேகர் என்னும் தமிழிளைஞர் வெண்குறு விண்மீன்களின் திணிவுக்கு எல்லையுண்டெனக் காட்டியபோது, அவையில் அதனை எள்ளியமை இப்பெரியாரின் புகழுக்கு ஒரு மறுவே. 1944இல் அவர் மறைந்தார்.

விண்மீனின் நடுவில் ஈலியம் மிகுந்தோறும் அங்கே ஒலியின் வேகம் மாறும், நடுக்கங்களும் மாறும். கெப்ளர் விண்கலம் அளந்த அத்தகைய நடுக்கங்களைக் கொண்டு, கெப்ளர்-444 என்னும் விண்மீனின் வயது ஏறக்குறைய 1120 கோடி ஆண்டென 2015இல் கணித்தனர்.